வாப்பிச்சி மரிக்காரின் சுவர்களும் எங்கள் பள்ளியின் முன்வாசலும்

சென்ற வருஷம் றமழானுக்கு முன்பு என் தங்கையின் மகனோடு கொழும்பு நூதனசாலைக்குப் போயிருந்தேன். சிவில் எஞ்சினியரிங் படிக்கும் பிள்ளை. உள்ளே சிலைகளையும் கண்டி அரசனின் சிம்மாசனத்தையும் பார்த்துவிட்டு வெளி விறாந்தையில் வந்து நின்றோம். அவன் சுவரைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "மாமா, வெள்ளக்காரன் வெள்ளக்காரன்தான். எப்பிடிக் கட்டியிருக்கான் பாருங்களேன். இப்ப ஒருத்தனுக்கும் இப்பிடிக் கட்ட ஏலாது."

கட்டடம் நல்லது என்று அவன் சொன்னது சரி. கட்டினவன் வெள்ளைக்காரன் என்றது பிழை. இப்போது ஒருவனுக்கும் ஏலாது என்றதற்கு மட்டும் என்னிடம் உடனே பதில் இருக்கவில்லை. அந்தப் பதிலைத் தேடிப் போனதன் பலன்தான் இந்தக் கட்டுரை.

கட்டியவர் யார்?

இலங்கைக்கு ஒரு நூதனசாலை வேண்டும் என்று றோயல் ஆசிய சங்கத்தின் இலங்கைக் கிளை கேட்டுக்கொண்டிருந்தது. 1872இல் தேசாதிபதியாக வந்த சேர் வில்லியம் கிரகரி அதை ஏற்றுக்கொண்டார். வரைபடம் தயாரித்தவர் பொதுவேலைத் திணைக்களத்தின் கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் ஸ்மிதர். 1877 ஜனவரி 1ஆந் திகதி நூதனசாலை திறந்து வைக்கப்பட்டது. கிரகரியின் சிலை இன்றும் முற்றத்தில் நிற்கிறது.

அந்த வரைபடத்தைச் சுவராகவும் கூரையாகவும் மாற்றிக் கொடுத்தவர் அரசி மரிக்கார் வாப்பிச்சி மரிக்கார். 1829இல் பிறந்து 1925 வரை வாழ்ந்த கொழும்புச் சோனகர். "வாப்பிச்சி மரிக்கார் பாஸ்" என்றுதான் ஊர் அவரை அழைத்தது. புறக்கோட்டைப் பழைய நகர மண்டபம், கோட்டையில் 1895இல் திறக்கப்பட்ட பொதுத் தபாலகம், சுங்கக் கட்டடம், காலிமுகத்திடல் ஹோட்டல் என்று அவருடைய பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கட்டடங்களின் வரிசை நீளமானது. விக்டோரியாக் காலக் கொழும்பு என்று இன்று உல்லாசப் பயணிகள் படம் பிடிக்கும் இடங்களில் கணிசமானவை அவருடைய ஆட்களின் கைபட்டவை.

திறப்பு விழா அன்று நடந்ததாக நம்மவரிடையே வழங்கிவரும் செய்தியைப் பலரும் அறிவீர்கள். "உமக்கு என்ன மரியாதை செய்ய வேண்டும்?" என்று கிரகரி கேட்டாராம். பட்டமோ காணியோ கேட்காமல், வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடிவைக்க வேண்டும் என்று கேட்டாராம் மரிக்கார். அப்படியே நெடுங்காலம் மூடப்பட்டும் வந்தது. மரவேலைக்குப் பொறுப்பாக இருந்த ஓடாவி எஸ்.எம். பெரேராவும் அன்று ஒரு பதவிப் பட்டம் பெற்றார் என்று அதே செய்தி சொல்கிறது. பின்னாளில் சிம்மாசனத்தை மக்கள் பார்வைக்கு வைத்தபோது, இடையில் வந்த ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் திறந்து வைப்பதற்காகப் பிரதமர் டி.எஸ். சேனநாயக்க, மரிக்காரின் பேரர் சேர் ராசிக் பரீதிடம் சம்மதம் கேட்டார் என்பதும் அதன் தொடர்ச்சி.

இந்தக் கதையை நாம் பெருமைக்காகச் சொல்லுகிறோம். எனக்கு அதில் வேறொன்று முக்கியமாகப் படுகிறது. சோனக ஒப்பந்தகாரர் ஒருவரும் சிங்கள ஓடாவி ஒருவரும் தேசாதிபதிக்கு முன்னால் பெயர் சொல்லி அழைக்கப்பட்டிருக்கிறார்கள். கட்டியவனுக்கு ஒரு பெயர் இருந்தது. அவர்களுக்குக் கீழே சாரத்தில் நின்ற நூற்றுக்கணக்கானோருக்கு அதுவும் கிடைக்கவில்லை.

மரிக்காரின் சம்பாத்தியம் கட்டடங்களோடு நின்றுவிடவில்லை. 1892இல் மருதானையில் ஸாஹிரா தொடங்கியபோது அறிஞர் சித்திலெப்பை, ஒராபி பாஷா ஆகியோரோடு சேர்த்து நினைக்கப்படுபவர் அவர். சுண்ணாம்பும் செங்கல்லும் கொண்டு தேடிய பொருள் நம் பிள்ளைகளின் கல்விக்கும் போயிருக்கிறது.

கைவேலை என்பது எது?

விக்டோரியா மகாராணி 1837 முதல் 1901 வரை ஆண்டார். அந்த அறுபத்து நான்கு வருஷத்தில் எழுந்தவை எல்லாம் ஒரே பாணி என்று நினைத்துவிடக் கூடாது. நூதனசாலை இத்தாலியப் பாணியைத் தழுவியது. 1873இல் எழுந்த புறக்கோட்டை நகர மண்டபத்தில் கொதிக் பாணியின் சாயல். ஆகவே விக்டோரியாக் காலக் கட்டடத்தை ரசிப்பது என்றால் ஒரு பாணியை ரசிப்பது என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. வேலை செய்த விதத்தைத்தான் பார்க்கிறேன்.

என் மூத்தாப்பா மேசன் பாஸ். நான் கண்டபோது அவருக்கு வேலை விட்டுப்போய் வருஷங்களாகிவிட்டன. ஆனால் பழைய கட்டடம் ஒன்றைக் கண்டால் நின்று, தலையை அண்ணாந்து பார்த்து, எனக்கு வகுப்பெடுக்கத் தொடங்கிவிடுவார். நூதனசாலை விறாந்தையின் வளைவுகளைப் பார்க்கும்போது எனக்கு அவருடைய குரல்தான் கேட்கிறது.

வளைவு கட்ட முதலில் ஓடாவி வேண்டும். அவர் மரத்தால் அரைவட்டச் சட்டம் ஒன்று செய்து நிறுத்துவார். மேசன் அதன்மேல் இரண்டு பக்கத்தாலும் செங்கல்லை அடுக்கிக்கொண்டு வந்து உச்சியில் கடைசிக் கல்லை இறுக்குவார். சாந்து இறுகினதும் சட்டத்தைக் கழற்றிவிடுவார்கள். ஓடாவியின் வேலை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அவர் விட்ட பிழை ஏதும் இருந்தால் அது மட்டும் அந்த வளைவில் என்றைக்கும் தெரியும். "மரம் சரியா இல்லாட்டி மேசனுக்குத்தான் ஏச்சு" என்பார் மூத்தாப்பா.

கூரைக்குக் கீழே ஓடும் அந்த வரிவரியான விளிம்பும் அப்படித்தான். தகட்டில் வேண்டிய வடிவத்தை வெட்டி எடுத்து, ஈரச் சாந்தின்மேல் ஒரே சீராக இழுப்பார்கள். கை நடுங்கினால் வரி நடுங்கும். அழகுக்காக மட்டும் அதை வைக்கவில்லை. மழைநீர் சுவரில் வழியாமல் விளிம்பிலிருந்து சொட்டி விழுவதற்கும் அதுதான் வழி. உயர்ந்த சீலிங், கதவுக்கு மேலே காற்றுப் போக விட்ட இடைவெளி, வெயிலைச் சுவரில் விழவிடாத விறாந்தை, எல்லாமே மின்விசிறி இல்லாத காலத்தின் யோசனைகள்.

சுண்ணாம்புச் சாந்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் மூத்தாப்பா நிறுத்தமாட்டார். நம் கரையோரத்தில் சிப்பியையும் முருகைக்கல்லையும் சூளையில் சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுத்தார்கள். நீற்றிய சுண்ணாம்பைக் குழியில் போட்டு மாசக்கணக்கில் ஊறவைப்பார்கள். அது காற்றிலுள்ள கரியமிலவாயுவை உள்வாங்கி மெதுவாகத்தான் இறுகும். மெதுவாக இறுகுவதால் சுவர் கொஞ்சம் அசைந்தாலும் சாந்து அதோடு இசைந்து போகும். சுவருக்குள் ஏறும் ஈரத்தையும் வெளியே விட்டுவிடும். "சுண்ணாம்பு அவசரக்காரனுக்கு அடங்காது, மகன்" என்பது அவர் வாயில் வழக்கமாக வரும் பேச்சு.

லண்டனுக்குப் போன நம் கைவேலை

வெள்ளைக்காரனிடமிருந்து கட்டடக்கலை நமக்கு வந்தது என்று மட்டும் நினைப்பவர்கள் ஓவன் ஜோன்ஸ் என்பவரைப் பற்றி அறிந்துகொள்ள வேண்டும். 1834இல் இந்த இளைஞர் தன் பிரெஞ்சு நண்பர் ஜூல் கூரியோடு ஸ்பெயினின் கிரனாடாவுக்குப் போய் அல்ஹம்றா அரண்மனையை அங்குலம் அங்குலமாக அளந்து வரைந்தார். கூரி அங்கேயே கொலரா நோயால் இறந்துபோனார். ஜோன்ஸ் விடவில்லை. அந்த வண்ணங்களைச் சரியாக அச்சடிக்கக்கூடியவர்கள் லண்டனில் கிடைக்காததால் தானே வண்ண அச்சு வேலையைத் தொடங்கி நூலை வெளியிட்டார்.

1851இல் லண்டனில் மாபெரும் கண்காட்சிக்காக எழுந்த பளிங்கு மாளிகையின் இரும்புச் சட்டங்களுக்கு என்ன வர்ணம் பூசுவது என்று தீர்மானித்தவரும் அவரே. அல்ஹம்றாவில் கண்டு பழகிய சிவப்பு, நீலம், மஞ்சள் ஆகிய மூல வர்ணங்களை அங்கே பயன்படுத்தினார். 1856இல் அவர் வெளியிட்ட அலங்காரக் கலை பற்றிய பெரிய நூலில் அரபு, துருக்கி, பாரசீக, இந்திய, அந்தலூசிய அலங்காரங்களுக்குத் தனித்தனி அத்தியாயங்கள் உண்டு. அலங்காரம் கட்டுமானத்திலிருந்து பிறக்க வேண்டும், மேலே கொண்டுவந்து ஒட்டக் கூடாது என்ற கருத்தை அவர் முன்வைத்தார். அதற்கு அவர் உயர்ந்த உதாரணமாகக் காட்டியது அல்ஹம்றாவைத்தான்.

நம் நூதனசாலை திறக்கப்பட்ட அதே 1877இல், லண்டனில் ஓவியர் பிரடெரிக் லெய்ட்டன் தன் வீட்டோடு "அரபு மண்டபம்" ஒன்றைக் கட்டத் தொடங்கினார். டமஸ்கஸ் பக்கமிருந்து சேகரித்த பழைய வண்ண ஓடுகள் அதன் சுவர்களை நிறைக்கின்றன. குர்ஆன் வசனம் தாங்கிய ஓடுகளும் அவற்றில் உண்டு. குறைந்துபோன இடங்களை நிரப்ப வில்லியம் டி மோர்கன் என்ற ஆங்கிலக் கைவினைஞர் புதிய ஓடுகள் செய்தார். பழையதற்கு இணையாகச் செய்ய அவர் பட்ட பாட்டில் விக்டோரியாக் காலத்தின் நல்ல பக்கம் தெரிகிறது. அந்த ஓடுகள் எந்த வீட்டுச் சுவர்களிலிருந்து, எந்தப் பள்ளிகளிலிருந்து பெயர்ந்து வந்தன என்று கேட்டால் அதே காலத்தின் மற்றப் பக்கமும் தெரியும்.

புகழ்ந்துவிட்டுப் போய்விட முடியாது

இந்த மற்றப் பக்கத்தை அந்தக் காலத்து ஆங்கிலேயர்களே பேசினார்கள். ஜோன் ரஸ்கின் 1851க்கும் 1853க்கும் இடையில் வெனிஸ் நகரக் கட்டடங்கள் பற்றி எழுதிய நூலில் ஒரு கேள்வி வைத்தார். ஒரு செதுக்கு வேலை அப்பழுக்கில்லாமல் இருக்கிறதா என்பதைவிட, அதைச் செதுக்கியவன் தன் புத்தியைப் பயன்படுத்தச் சுதந்திரம் பெற்றவனா என்று பார்க்கச் சொன்னார். சின்னக் கோணல் இருந்தாலும் அங்கே ஒரு மனிதன் நின்றிருக்கிறான் என்பது அவர் வாதம். அவரைப் பின்பற்றிய வில்லியம் மொரிஸ், அதே 1877இல் பழைய கட்டடங்களைப் பாதுகாக்க ஒரு சங்கம் தொடங்கினார். பழையதைச் சுரண்டிப் புதிதாக்காதீர்கள், பழுதை மட்டும் பாருங்கள் என்பது அதன் கொள்கை.

இவர்கள் இப்படிப் பேச வேண்டியிருந்ததற்குக் காரணம் உண்டு. விக்டோரியாக் காலம் இயந்திரத்தின் காலமுந்தான். கிளாஸ்கோவில் வோல்டர் மக்ஃபார்லேனின் வார்ப்பாலை இரும்புத் தூண்களையும் கம்பி வேலைகளையும் படப்புத்தகம் பார்த்து ஓடர் கொடுக்கும்படி விற்றது. சாம்ராச்சியம் முழுவதற்கும் கப்பலில் அனுப்பியது. அந்த ஆலையின் பெயர் "சரசன்". ஐரோப்பியர் ஒரு காலம் முஸ்லிம்களைக் குறித்த சொல். ஆலை தொடங்கிய சந்தின் பெயரால் வந்தது. இன்று கடையில் வாங்கிப் பூட்டும் அலங்காரத்துக்கு முன்னோடி அதுதான். பளிங்கு மாளிகையும் ஆலைகளில் வார்த்த துண்டுகளைக் கொண்டுவந்து பூட்டிய கட்டடம்தானே. இன்றைய கண்ணாடிக் கட்டடங்களுக்கெல்லாம் மூத்தாப்பா அது.

கொழும்புக்கு ரஸ்கினின் கேள்வியைக் கொண்டுவந்தால் இன்னும் சங்கடம். எந்தச் சுவர் எங்கே வரவேண்டும் என்று மரிக்காரின் மேசன்மாரிடம் யாரும் கேட்கவில்லை. வரைபடம் திணைக்களத்திலிருந்து வந்தது. பணம் இந்நாட்டு மக்கள் கட்டிய வரி. இதை மறந்துவிட்டு அந்தக் காலத்துக்கு ஏங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அக்காலத்தில் மோசமாகக் கட்டப்பட்டவை விழுந்துவிட்டன. நல்லவை மிஞ்சி நிற்கின்றன. மிஞ்சியதை மட்டும் பார்த்து எல்லாரும் நன்றாகக் கட்டினார்கள் என்று சொல்லக் கூடாது.

ஆங்கிலேயரே இவற்றை நெடுங்காலம் மதிக்கவில்லை என்பதும் நமக்குப் பாடம். லண்டன் யூஸ்டன் ரயில் நிலையத்தின் முன்னால் விக்டோரியா பட்டத்துக்கு வந்த 1837இல் எழத் தொடங்கிய பிரமாண்டமான கல் வாயில் ஒன்று இருந்தது. எவ்வளவோ பேர் எதிர்த்தும் 1961-62இல் அதை உடைத்தார்கள். கற்களில் பெரும்பகுதி கிழக்கு லண்டனில் ஓர் ஆற்றுக் கால்வாயின் பள்ளத்தை நிரப்பப் போனது. 1994இல்தான் அந்த இடத்தைக் கண்டுபிடித்தார்கள். அந்த இழப்பின் சூடு ஆறாததால், கொஞ்சத் தூரத்திலுள்ள சென் பாங்கிராஸ் நிலையத்தை உடைக்கும் யோசனை வந்தபோது எதிர்ப்பு வென்றது. 1967இல் அது முதல்தரப் பாதுகாப்புப் பெற்றது. ஒன்றை இழந்துதான் அடுத்ததைக் காப்பாற்றப் படித்தார்கள்.

எங்கள் பள்ளியின் முன்வாசல்

இனி எனக்குச் சொல்லக் கஷ்டமான பகுதி.

எங்கள் ஊர்ப் பள்ளிவாசலுக்கு ஒரு பழைய முன்வாசல் இருந்தது. மூன்று வளைவுகள், நடுவில் பலாமரக் கதவு, மேலே நிறக் கண்ணாடி பதித்த அரைவட்டம். நிலைக்கு மேலே ஹிஜ்ரி 1309 என்று பொறித்திருந்தார்கள். ஆங்கிலக் கணக்கில் 1891-92. ஸாஹிரா தொடங்கிய காலம். கொழும்பில் மரிக்காரிடம் வேலை பழகிவந்த பாஸ்மார் கட்டியது என்று மூத்தாப்பா சொல்லுவார். எழுத்தில் ஆதாரம் கிடையாது.

இருபது வருஷங்களுக்கு முன் ஜும்ஆவுக்கு இடம் போதாமல் போனது. அது உண்மையான தேவை. பள்ளி நிர்வாகத்தார் கூட்டம் போட்டார்கள். மூன்று மாடிக் கொங்கிறீட் கட்டடத்துக்குப் படம் தயார். பின்பக்கம் காணி இருந்தது; முன்வாசலை வைத்துக்கொண்டு பின்னால் கட்டியிருக்கலாம். "பழசெல்லாம் என்னத்துக்கு? ஊருக்கு வாறவங்க பார்க்க ஒரு வடிவு வேணாமா?" என்று ஒருவர் கேட்டார். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அல்லாஹ்வின் வீட்டுக்குக் குறுக்கே நின்றவன் என்ற பெயர் எடுக்கப் பயந்தேன்.

முன்வாசலை இரண்டு நாளில் உடைத்தார்கள். படம்கூட ஒருவரும் எடுத்து வைக்கவில்லை. கதவு பழைய சாமான் வாங்குபவரிடம் போய், இப்போது ஏதோ ஒரு ஹோட்டலின் வரவேற்பறையில் இருப்பதாகக் கேள்வி.

புதிய கட்டடத்தின் முகப்பில் பளபளக்கும் ஓடுகள் பதித்தார்கள். பத்து வருஷத்துக்குள் கடற்பக்க ஓடுகள் பெயரத் தொடங்கின. மேல்மாடிச் சீலிங்கில் கம்பி தெரிகிறது. காரணத்தை மருமகன் விளக்கினான்: கடற்காற்றின் உப்பு கொங்கிறீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு கம்பியைவிடக் கூடுதல் இடம் பிடிக்கும். உள்ளேயிருந்து தள்ளிக் கொங்கிறீட்டை வெடிக்க வைக்கும். கம்பிக்கு மேலே போதிய கனத்தில் நல்ல கொங்கிறீட் போட்டிருந்தால் இவ்வளவு சீக்கிரம் வந்திராது. "சாமானில பிழை இல்ல மாமா, அவசரத்திலதான் பிழை" என்றான். மூத்தாப்பா சுண்ணாம்பைப் பற்றிச் சொன்ன அதே பேச்சை, அவரைக் கண்டிராத பிள்ளை கொங்கிறீட்டைப் பற்றிச் சொல்லுகிறான்.

ஏலாது என்பது சரியா?

அவன் அன்று நூதனசாலையில் சொன்னதற்கு இப்போது என்னால் பதில் சொல்ல முடியும். ஏலும். 1908-09இல், விக்டோரியா இறந்து சில வருஷங்களில், புறக்கோட்டையில் சிவப்புப் பள்ளியை வடிவமைத்த ஹபீபு லெப்பை சாஹிபு லெப்பை முறையாகக் கட்டடக்கலை படித்தவர் அல்லர். நம் காலத்துக்கு வந்தால் தந்தை வழியில் சோனக வேர் கொண்ட ஜெப்ரி பாவா இருக்கிறார். கொங்கிறீட்டையும் அவர் கையாண்டார். வளைவுத் தகட்டின்மேல் நாட்டு ஓடு போட்டு ஒழுகாத கூரையும் செய்தார். கைவினைஞர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்தார். சாமான் புதிதானாலும் கைக்கு மதிப்பும் நேரமும் கொடுத்தால் நல்ல கட்டடம் எழும்.

நாம் அந்த இரண்டையும்தான் கொடுப்பதில்லை. ஓடுக்கும் கண்ணாடிக்கும் கணக்குப் பார்க்காமல் செலவழிக்கிறோம். மேசன் பாஸின் நாட்கூலியில் பேரம் பேசுகிறோம். அடுத்த றமழானுக்குள் திறந்துவிட வேண்டும் என்று நிற்கிறோம்.

நம் ஊர்களில் இன்னும் பழைய பள்ளிகள், தக்கியாக்கள், வீடுகள் மிஞ்சி இருக்கின்றன. எல்லாவற்றையும் அப்படியே வைத்திருக்க முடியாது. சனம் பெருகுகிறது, இடம் வேண்டும். ஆனால் உடைப்பதற்கு முன் அளந்து வரைந்து படம் எடுத்து வைக்கலாம். கட்டிய பாஸ்மார், ஓடாவிமார் பெயர்களை அவர்களுடைய பேரப்பிள்ளைகளிடம் கேட்டு எழுதலாம். பழைய ஒப்பந்தக் கடதாசிகள் பெட்டிகளில் கிடந்தால் கறையான் தின்னுமுன் பிரதி எடுக்கலாம். வைத்திருக்க முடிவு செய்த சுவரில் சீமெந்து பூசாமல் சுண்ணாம்பாலேயே பழுது பார்க்க வேண்டும். சீமெந்து ஈரத்தை உள்ளே அடைத்து, பழைய செங்கல்லைப் பொடியாக்கிவிடும்.

மருமகன் போன மாதம் வந்தபோது எங்கள் தெருவிலுள்ள பழைய வீடொன்றின் விறாந்தையை அளந்து எடுத்துக்கொண்டு போனான். வீட்டுக்காரர் அதை உடைக்கத்தான் போகிறார். கடைசித் தூணை அளக்கும்போது கேட்டான்: "மாமா, இத ஆரு கட்டின?"

எனக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டு மூத்தம்மாவிடம் கேட்டோம். அவர் கொஞ்ச நேரம் யோசித்து ஒரு பெயரும், அந்த ஆளின் மகள் வீட்டுக்குப் போகும் வழியும் சொன்னார். இரண்டையும் எழுதிக்கொண்டோம்.